நான்கு நிமிடத் தாமதம்

இருபத்தாறு வருடம்
தண்ணீர் குடிக்காமல் டிராம் ஓட்டினேன்.
ஒஸ்திராவாவில் எங்கள் தடத்துக்குக் கழிவறை ஒன்றுதான்,
கடைசி நிறுத்தத்தில்.
சாவி ஒரு மரக்கட்டையில் தொங்கும்.
தாகத்தை அடக்கினால் மற்றதும் அடங்கும் என்பது
பணிமனைப் பெண்கள் எங்களுக்குள் சொல்லிக்கொண்ட பாடம்.
காபி ஒரு மிடறு.
உப்புத் தூவிய ரொட்டி, உட்கார்ந்தபடியே.

பித்தப்பைக் கல்லைத் தேடி
வயிற்றில் குளிர்ந்த களிம்பு தடவிய பெண்
மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள்
பாதியில் நிறுத்தினாள்.
ஆறு சென்டிமீட்டர்.
இடப்பக்கம்.

எடுத்துவிட்டார்கள்.
விலாவுக்குக் கீழே ஒரு தண்டவாளம் போட்டுத் தைத்தார்கள்.
அன்றிலிருந்து என் உடம்பின் இலக்கணத்தில்
சிறுநீரகங்கள் இல்லை, சிறுநீரகம்.
உதிர்ந்த அந்தக் கள்ளோடு
வெள்ளிக்கிழமை பீரும் போயிற்று.

"கட்டி போய்விட்டது, த்ரஹொமீரா.
நீங்கள் மீதி இருக்கிறீர்கள்" என்றார்
டாக்டர் ஹவ்ரானெக்.
மீதியை அச்சடித்துக் கையில் கொடுத்தார்:
ரத்த அழுத்தம், கிரியேட்டினின்,
யூரிக் அமிலம், மூன்று மாதச் சர்க்கரை.
நாக்கு அன்றே மறந்த பிளம் கொழுக்கட்டையை
ரத்தம் நினைவில் வைத்திருக்கிறது.
கிறிஸ்துமஸில் நான் தின்றதற்கு
பிப்ரவரியில் சாட்சி சொல்கிறது.

கட்டியை அவர்கள் அறுத்தபோது நான் தூங்கினேன்.
இடுப்பைச் சுற்றிய இந்த மடிப்பை
விழித்திருந்து நான்தான் அறுக்க வேண்டும்,
மயக்க மருந்தில்லாமல்,
நாளுக்கு மூன்று வேளை.

ஸ்கேனில் பார்த்தால் வலப்பக்கத்தவள் பருத்திருக்கிறாள்.
ரத்கா விடுப்பெடுத்த நாட்களில்
இரட்டை முறை பார்த்த என்னைப் போல.
சம்மதம் கேட்கவில்லை யாரும்.
மிகைநேரப் படியும் இல்லை.

உப்பில்லாத உருளைக்கிழங்கு சூப்பை
க்வேதோஸ்லாவும் குடித்தான்.
நன்றாக இருக்கிறது என்றான், நான் கேட்காமலே.
கிண்ணத்தோடு பால்கனிக்குப் போய்
பனி விழுகிறதா என்று பார்ப்பான், ஜூன் மாதத்திலும்.
ஒருநாள் திருப்புளி தேடி
அவன் கருவிப் பெட்டியைத் திறந்தேன்.
அரை அங்குல ஆணிகளுக்கு நடுவே
கடுகு பாட்டிலில் உப்பு.
மூடியை இறுக்கி
இருந்த இடத்திலேயே வைத்தேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்வார்கள்.
நான் இவனை நினைத்துக்கொள்கிறேன்,
உப்பை ஒளித்துவைத்தவனை.

இப்போது வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடக்கிறேன்.
பாலத்துக்கு அப்பால் இருப்பது ஒரு மேடு
என்று கால் சொல்லித்தான் தெரிந்தது.
சக்கரம் இத்தனை வருடமாக
என்னிடம் அதை மறைத்திருக்கிறது.

நவம்பரில் வேலைக்குத் திரும்பினேன்.
நெம்புகோலுக்குப் பக்கத்தில் இரண்டு லிட்டர் பாட்டில்.
மருத்துவர் சொன்னபடி குடித்தேன்,
நிறுத்தத்துக்கு நிறுத்தம், கடன் அடைப்பதுபோல.
பத்தாவது நிறுத்தத்தில் தெரிந்துவிட்டது
பதினெட்டாவது வரை தாங்காது.
பழைய நான் தொடையை நெருக்கிக்கொண்டு
பச்சை விளக்குக்குக் காத்திருப்பாள்.
நான் பிரேக்கைப் பூட்டினேன்.
ஒலிபெருக்கியில் "ஒரு நிமிடம்" என்று பொய் சொன்னேன்.
இறங்கிப்போய் மருந்துக்கடைக்காரியிடம்
கழிவறையைக் கேட்டேன்.
திரும்பி வந்தபோது
தொப்பி போட்ட ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
முன்னிருக்கைச் சிறுமி சிரித்தாள்.

தாமதப் படிவத்தில்
மூடுபனிக்குக் கட்டம் உண்டு, விபத்துக்கு உண்டு,
குடித்துவிட்டு ஏறியவர்களுக்கும் உண்டு.
'மற்றவை' என்ற இடத்தில் எழுதினேன்:
சிறுநீரகம்.
மேற்பார்வையாளர் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார்.
பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன்:
ஒருமை.

பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது.